விடிகாலை ஊத்துன பால் நேத்து கணக்குல போனது எப்படி? கிளவுட் டேட்டாபேஸின் நேர மண்டலத்தை மாற்றும் முன் தெரிய வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் பக்கம் பல கிராமங்களில் பொழுது விடிவதே பால் கேன் சத்தத்தில்தான். விடிகாலை 5 மணிக்கெல்லாம் வரிசை தொடங்கிவிடும். முன்பு எல்லாம் அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுப்பார்கள். இப்போது லிட்டர், கொழுப்பு, விலை என்று எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போகிறது. அங்கிருந்து இன்டர்நெட் வழியாக ஏதோ ஒரு ஊரில் இருக்கும் சர்வருக்குப் போகிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம். இது நடந்த சம்பவம் அல்ல. விஷயம் புரிவதற்காக மட்டும். கிளவுடில் ஓடும் புது சாஃப்ட்வேர் ஒன்றை ஒரு பால் சேகரிப்பு மையம் வாங்கியிருக்கிறது. திங்கட்கிழமை காலை 5.40-க்கு ஒருவர் பால் ஊற்றுகிறார். அன்று மாலை 5.15-க்கு மறுபடி ஊற்றுகிறார். செவ்வாய்க்கிழமை வெளியூர் போக வேண்டும் என்பதால் காலை 5.10-க்கே வந்துவிடுகிறார். அன்று மாலையும் வழக்கம்போல ஊற்றிவிட்டார்.

வார பில் வருகிறது. திங்கட்கிழமை மூன்று வேளை, செவ்வாய்க்கிழமை ஒரே ஒரு வேளை என்று இருக்கிறது. "என்னண்ணே இது, நான் எப்ப ஒரே நாள்ல மூணு வேளை ஊத்துனேன்?" என்று அவர் கேட்டால், மையத்தில் இருப்பவருக்கும் பதில் தெரியாது.

அதோடு முடியவில்லை. மாலை ஊற்றிய பால் 'காலை' என்றும், விடிகாலை ஊற்றிய பால் 'மாலை' என்றும் பதிவாகியிருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை, மெஷினும் ரிப்பேர் இல்லை. டேட்டாபேஸ் வேறொரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான்.

அது என்ன கடிகாரம்? அதை மாற்ற முடியுமா? மாற்றினால் பழைய கணக்கு என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

5.30 மணி நேரம் பின்தங்கிய கடிகாரம்

கிளவுட் நிறுவனங்களிடம் ஒரு டேட்டாபேஸ் வாடகைக்கு எடுத்தால், பெரும்பாலும் அதன் கடிகாரம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில்தான் ஓடும். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. நமக்குக் காலை 5.30 ஆகும்போதுதான் அங்கே நள்ளிரவு 12 மணி.

"எங்க சர்வர் மும்பைலதான சார் இருக்கு, அப்புறம் ஏன் இந்திய நேரம் காட்டல?" என்று பலர் கேட்பார்கள். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலும் புனேயிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் டேட்டா சென்டர்கள் இருப்பது உண்மைதான். ஆனால் கட்டடம் எந்த ஊரில் இருந்தாலும் உள்ளே இருக்கும் டேட்டாபேஸின் இயல்பான நேரம் யு.டி.சி.தான்.

காரணம் எளிமையானது. ஒரே சாஃப்ட்வேரை அரியலூரிலும், சிங்கப்பூரிலும், துபாயிலும் பயன்படுத்துவார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு கடிகாரத்தில் எழுதி வைத்துவிட்டு, பார்ப்பவர் எந்த ஊரோ அந்த ஊர் நேரத்துக்கு மாற்றிக் காட்டினால் குழப்பம் வராது. அந்த 'மாற்றிக் காட்டும்' வேலையை யாரும் செய்யாமல் விட்டால்தான் மேலே சொன்ன பால் கணக்கு மாதிரி ஆகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். திங்கள் காலை 5.40 என்பது யு.டி.சி.யில் திங்கள் 00.10. மாலை 5.15 என்பது திங்கள் 11.45, அதாவது பகல் 12 மணிக்கு முன்னால். அதனால்தான் சாஃப்ட்வேர் அதைக் 'காலை' என்று நினைத்துவிட்டது. செவ்வாய் காலை 5.10 என்பது திங்கள் இரவு 11.40. அதனால் நாளும் மாறி, வேளையும் மாறிவிட்டது.

நேரம் என்பதே ஓர் ஒப்பந்தம்தான்

இந்திய நேரம் 'உண்மையான' நேரம், யு.டி.சி. 'தப்பான' நேரம் என்று நினைக்க வேண்டாம். இந்திய நேரமே நாம் ஒத்துக்கொண்ட ஒரு கணக்குதான்.

இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பெரம்பலூர் சுமார் 78.9 டிகிரியில் இருக்கிறது. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம் ஆகும். அப்படிப் பார்த்தால் பெரம்பலூரின் சூரிய நேரம் நம் கைக்கடிகாரத்தைவிட சுமார் 14 நிமிடம் பின்னால் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் அரியலூர் சற்றே கிழக்கே, சுமார் 79.1 டிகிரியில் இருப்பதால், அங்கே சூரியன் பெரம்பலூரைவிட ஏறக்குறைய முக்கால் நிமிடம் முன்பே உச்சிக்கு வந்துவிடும். அதற்காக இரண்டு ஊருக்கும் தனித்தனி கடிகாரம் வைத்தால் பஸ் ஓட்ட முடியுமா?

ஒரு காலத்தில் இந்தியாவில் ஊருக்கு ஒரு நேரம் இருந்தது. சென்னை நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தில் கணித்த 'மெட்ராஸ் நேரம்' கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. ரயில்வே பல ஆண்டுகள் அந்த நேரத்தைத்தான் பின்பற்றியது. 1906 ஜனவரி 1 முதல் +5:30 என்ற இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் கல்கத்தா 1948 வரையும், பம்பாய் 1955 வரையும் தங்கள் நேரத்தை விடவில்லை.

அன்றைக்கு ரயில் அட்டவணைக்கு வந்த அதே சிக்கல் இன்றைக்கு டேட்டாபேஸுக்கு வந்திருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு நேரத்தில் எழுது. யாருக்குக் காட்டுகிறோமோ அவர் நேரத்தில் காட்டு என்பதுதான் இரண்டுக்கும் தீர்வு.

யாருக்கெல்லாம் பாதிப்பு வரும்?

பகல் 10 மணி முதல் மாலை 6 மணி வரை மட்டும் வேலை நடக்கும் ஆபீஸில் இந்தப் பிரச்னை பல மாதம் வெளியே தெரியாது. நேரம் தப்பாக இருந்தாலும் தேதி சரியாக இருக்கும். நள்ளிரவு 12 மணியிலிருந்து விடிகாலை 5.30 மணி வரை நடக்கும் எல்லாமே 'நேற்று' என்று பதிவாகும். அந்த ஐந்தரை மணி நேரத்தில் தூங்காதவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

*பில் போடுபவர்கள்:* அரியலூரில் சிமெண்ட் ஆலைகளை நம்பி லாரிகள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. ஏப்ரல் 1-ம் தேதி அதிகாலை 1 மணிக்கு ஒரு லோடு பில் ஆனால், யு.டி.சி.யில் அது மார்ச் 31 இரவு 7.30 மணி. ஒரு நாள் மட்டுமல்ல, நிதி ஆண்டே மாறிவிடுகிறது. ஜி.எஸ்.டி. கணக்கும் லெட்ஜரும் ஒத்துப்போகாது.

*இரவு ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள்:* இரவு 10 மணிக்கு உள்ளே போய் காலை 6 மணிக்கு வெளியே வந்தால், யு.டி.சி.யில் அது மாலை 4.30 முதல் 00.30 வரை. எந்த நாள் சம்பளம், எந்த நாள் ஓவர்டைம் என்பதில் தகராறு வரும்.

*பிறந்த தேதி:* இதுதான் ரொம்பவும் அபாயமானது. ஃபாரத்தில் ஆகஸ்ட் 1 என்று கொடுக்கிறீர்கள். சில சாஃப்ட்வேர்கள் அதை 'ஆகஸ்ட் 1 நள்ளிரவு, இந்திய நேரம்' என்று எடுத்துக்கொண்டு யு.டி.சி.க்கு மாற்றும். அப்போது அது ஜூலை 31 மாலை 6.30 ஆகிவிடும். நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் ஜூலை 31 என்று வரும். தமிழ்நாட்டில் ஆர்.டி.இ. சேர்க்கைக்கு வயது பார்ப்பதே ஜூலை 31-ஐ எல்லையாக வைத்துத்தான். ஒரு நாள் மாறினால் குழந்தையின் தகுதியே மாறிப்போகும்.

இதற்கு நேர மண்டலத்தை மாற்றுவது தீர்வல்ல. பிறந்த தேதியை நேரமே இல்லாத 'வெறும் தேதி' ஃபீல்டில் வைக்க வேண்டும்.

செட்டிங்கை மாற்றினால் எது மாறும், எது மாறாது?

"இந்திய நேரம்னு மாத்திட்டா எல்லாம் சரியாயிடும்ல?" இல்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். டேட்டாபேஸில் நேரத்தை வைக்க இரண்டு விதமான ஃபீல்டுகள் இருக்கின்றன.

முதல் வகை, ஒரு கணத்தைக் குறிப்பது. மைஎஸ்கியூஎல்-லில் இதற்கு 'டைம்ஸ்டாம்ப்' என்று பெயர். போஸ்ட்கிரெஸில் 'டைம்ஸ்டாம்ப்-டிஇசட்' என்று சொல்வார்கள். உள்ளே எப்போதும் யு.டி.சி.யாகவே இருக்கும். வெளியே காட்டும்போது மட்டும் செட்டிங்கைப் பார்த்து மாற்றிக் காட்டும். இந்த வகையாக இருந்தால், நேர மண்டலத்தை மாற்றியதும் பழைய பதிவு, புதிய பதிவு இரண்டுமே சரியாகத் தெரியும்.

இரண்டாவது வகை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்த மாதிரி. மைஎஸ்கியூஎல்-லில் 'டேட்டைம்', போஸ்ட்கிரெஸில் வெறும் 'டைம்ஸ்டாம்ப்'. எழுதிய எண் அப்படியே இருக்கும். எந்த ஊர் கடிகாரம் என்ற குறிப்பு அதில் கிடையாது.

இரண்டு டேட்டாபேஸிலும் 'டைம்ஸ்டாம்ப்' என்ற ஒரே பெயர் எதிரெதிர் அர்த்தத்தில் வருவதைக் கவனியுங்கள். மைஎஸ்கியூஎல் பழக்கத்தில் போஸ்ட்கிரெஸுக்குப் போகிறவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது வகை ஃபீல்டு இருக்கும்போது செட்டிங்கை மாற்றினால், மாற்றிய நிமிடம் வரை உள்ள பதிவுகள் யு.டி.சி.யிலும், அதற்குப் பிறகு டேட்டாபேஸ் தானாக எழுதும் பதிவுகள் இந்திய நேரத்திலும் இருக்கும். ஒரே ஃபீல்டில் இரண்டு கடிகாரம்! எது எந்தக் கடிகாரம் என்று பதிவைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாற்றிய தேதியையும் நேரத்தையும் யாராவது எழுதிவைத்திருந்தால்தான் பின்னாளில் சரிசெய்ய முடியும்.

எல்லாவற்றையும் முதல் வகைக்கு மாற்றிவிடலாமே என்றால், மைஎஸ்கியூஎல்-லில் ஒரு தடை உண்டு. அதன் 'டைம்ஸ்டாம்ப்' ஃபீல்டு 2038 ஜனவரி 19 வரைதான் தாங்கும். 20 வருட வீட்டுக் கடனின் கடைசித் தவணைத் தேதியை அதில் வைக்க முடியாது.

எந்தச் சேவையில் எப்படி மாற்றுவது?

சொந்த கம்ப்யூட்டரில் இருக்கும் டேட்டாபேஸ் என்றால் உள்ளே புகுந்து ஃபைலைத் திருத்திவிடலாம். கிளவுடில் சர்வரின் சாவி நம்மிடம் இருக்காது. அந்த நிறுவனம் திறந்து வைத்திருக்கும் கதவு வழியாகத்தான் போக வேண்டும்.

*அமேசான் ஆர்.டி.எஸ்., மைஎஸ்கியூஎல்:* செட்டிங்குகள் 'பேராமீட்டர் குரூப்' என்ற தொகுப்பில் இருக்கும். ஆரம்பத்திலேயே கொடுக்கப்படும் தொகுப்பைத் திருத்த முடியாது. சொந்தமாக ஒன்று உருவாக்கி, அதில் டைம்ஸோன் மதிப்பாக ஆசியா/கல்கத்தா என்று கொடுத்து, டேட்டாபேஸுடன் இணைக்க வேண்டும். புதுத் தொகுப்பை இணைத்தால் ஒருமுறை ரீபூட் செய்ய வேண்டும். அதனால் வேலை இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

*போஸ்ட்கிரெஸ்:* சர்வர் முழுக்க மாற்றலாம், ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் மாற்றலாம், ஒரு யூஸருக்கு மட்டும்கூட மாற்றலாம். கணக்கு ரிப்போர்ட் எடுக்கும் யூஸருக்கு மட்டும் இந்திய நேரம் வைத்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விடுவதும் நல்ல வழி.

*கூகுள் கிளவுட் எஸ்கியூஎல், மைஎஸ்கியூஎல்:* 'டிஃபால்ட் டைம்ஸோன்' என்ற ஃபிளாக் மூலம் மாற்றலாம்.

*அமேசான் ஆர்.டி.எஸ்., எஸ்கியூஎல் சர்வர்:* டேட்டாபேஸை உருவாக்கும்போதே நேர மண்டலத்தைத் தேர்வுசெய்ய வேண்டும். பிறகு மாற்ற முடியாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால், சரியான நேரத்தோடு புதிதாக ஒன்றை உருவாக்கி டேட்டாவை அதற்கு நகர்த்த வேண்டும்.

*மைக்ரோசாஃப்ட் அஷ்யூர் எஸ்கியூஎல் டேட்டாபேஸ்:* எப்போதும் யு.டி.சி.தான், மாற்றும் வசதியே கிடையாது. ரிப்போர்ட் எடுக்கும் கட்டளையில் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதே அஷ்யூரின் 'மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ்' சேவையில், உருவாக்கும்போது ஒருமுறை மட்டும் தேர்வுசெய்யலாம்.

*மோங்கோ டிபி:* தேதியை யு.டி.சி.யில் மில்லி விநாடிக் கணக்காகவே வைக்கும். காட்டும்போது மாற்றுவதுதான் வழி.

ஆக, புதிதாக கிளவுடுக்குப் போகிறவர்கள் 'கிரியேட்' பட்டனை அழுத்துவதற்கு முன்பே நேர மண்டலத்தைப் பற்றி முடிவு எடுத்துவிடுவது நல்லது.

+5:30 என்று கொடுப்பதா, ஊர் பெயர் கொடுப்பதா?

நேர மண்டலத்தை எண்ணாகவும் கொடுக்கலாம், ஆசியா/கொல்கத்தா என்று பெயராகவும் கொடுக்கலாம். இந்தியாவுக்கு இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான். பெயர் ஏன் நல்லது என்பதற்கு இலங்கையைப் பார்த்தால் போதும்.

இலங்கையும் இந்தியா மாதிரி +5:30-ல்தான் இருந்தது. 1996-ல் கடும் மின்வெட்டு வந்தபோது, பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்திக்கொள்ள மே மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி +6:30 ஆக்கினார்கள். அதே வருடம் அக்டோபரில் அரை மணி நேரம் குறைத்து +6:00 ஆனது. சுமார் பத்து வருடம் கழித்து, 2006 ஏப்ரல் 15 அன்று மறுபடி +5:30-க்கே திரும்பினார்கள். இதற்கு நடுவில் வடக்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய +5:30 நேரமே தொடர்ந்தது. ஒரே தீவில் இரண்டு நேரம்!

2006-ல் மாற்றிய அந்த இரவில், 12.30 மணி ஆனதும் கடிகாரம் மறுபடி 12 மணிக்குப் போனது. ஆகவே 12 முதல் 12.30 வரையிலான அரை மணி நேரம் இரண்டு முறை வந்தது. அன்றிரவு 12.20-க்கு ஒரு நிகழ்வு என்று சுவர்க் கடிகார நேரத்தை மட்டும் எழுதிவைத்திருந்தால், அது முதல் 12.20-யா இரண்டாவதா என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. யு.டி.சி.யில் எழுதியிருந்தால் அந்தக் குழப்பமே இல்லை.

ஆசியா/கொழும்பு என்ற பெயருக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் தேதியோடு இருக்கின்றன. 2001-ல் நடந்த ஒரு பதிவை எடுத்தால் +6:00 என்றும், 2010-ல் என்றால் +5:30 என்றும் தானாகவே கணக்கிடும். வெறும் எண்ணுக்கு இந்த வரலாறு தெரியாது. இந்தியாவுக்கும் வரலாறு உண்டு: இரண்டாம் உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை நம் கடிகாரமும் +6:30-ல் ஓடியது.

சில இடங்களில் கல்கத்தா, சில இடங்களில் கொல்கத்தா என்று இருக்கும். இரண்டும் ஒரே நேர மண்டலத்தின் பழைய, புதிய பெயர்கள். உங்கள் சேவையின் பட்டியலில் எது இருக்கிறதோ அதைக் கொடுத்தால் போதும்.

'ஐ.எஸ்.டி.' என்று சுருக்கமாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இஸ்ரேல் நேரத்துக்கும் அதே சுருக்கம்தான். போஸ்ட்கிரெஸின் இயல்பான சுருக்கப் பட்டியலில் ஐ.எஸ்.டி. என்றால் இஸ்ரேல் நேரம், +2:00. உங்கள் பில் மூன்றரை மணி நேரம் தள்ளிப்போய் நிற்கும்.

அதே போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தை 'யு.டி.சி.+5:30' என்று எழுதினால், அது கூட்டல் குறியை 'கிரீன்விச்சுக்கு மேற்கே' என்று எடுத்துக்கொள்ளும். அதாவது நமக்கு எதிர்ப்பக்கம். விளைவு, இந்திய நேரத்தைவிட 11 மணி நேரம் பின்னால் காட்டும்.

மாற்றும்போது மாட்டிவிடும் நான்கு இடங்கள்

*ஒன்று, இரட்டைக் கூட்டல்:* நேரம் தப்பாகத் தெரிந்தபோது, முன்பு வேலை பார்த்த யாராவது சாஃப்ட்வேருக்குள் 5.30 மணி நேரத்தைக் கையால் கூட்டி வைத்திருக்கலாம். இப்போது டேட்டாபேஸையும் மாற்றினால் இரண்டும் சேர்ந்து 11 மணி நேரம் ஆகிவிடும். பகல் 2 மணி பில், இரவு 7.30 என்று காட்டும். மாற்றும் முன் அப்படிக் கூட்டல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

*இரண்டு, பழைய இணைப்புகள்:* செட்டிங்கை மாற்றினாலும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பழைய நேரத்திலேயே தொடரும். ஒரு கவுன்டரில் சரியாகவும் பக்கத்து கவுன்டரில் தப்பாகவும் தெரிந்தால் இதுதான் காரணம். ஆப்பை ஒருமுறை முழுவதுமாக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

*மூன்று, பேக்கப் நேரம்:* டேட்டாபேஸின் நேர மண்டலத்தை மாற்றினாலும், அமேசான் ஆர்.டி.எஸ்.ஸில் பேக்கப்புக்கும் பராமரிப்புக்கும் குறிக்கும் நேரம் யு.டி.சி.யாகவே இருக்கும். 'விடிகாலை 2 மணி' என்று நினைத்து 2.00 என்று கொடுத்தால், நம் ஊரில் காலை 7.30-க்கு, கூட்டம் நிற்கும் நேரத்தில் வேலை தொடங்கும். நமக்கு விடிகாலை 2 மணி வேண்டும் என்றால் 20.30 என்று கொடுக்க வேண்டும்.

*நான்கு, காலியாகிப் போகும் தேதி:* மைஎஸ்கியூஎல்-லில் பழைய பதிவுகளை மாற்ற ஒரு கட்டளை இருக்கிறது. சர்வரில் நேர மண்டல அட்டவணை ஏற்றப்படவில்லை என்றால், ஊர் பெயர் கொடுத்ததும் அது எர்ரர் காட்டாது. காலி மதிப்பைத் திருப்பித் தரும். அதை அப்படியே பதிவில் எழுதினால் தேதிகள் எல்லாம் அழிந்துபோகலாம். முதலில் ஒரே ஒரு பதிவை எடுத்து, மாற்றாமல் வெறுமனே காட்டச் சொல்லிப் பாருங்கள்.

சரியான வரிசை எது?

1. முழு பேக்கப் எடுங்கள். அதைத் திரும்ப ஏற்ற முடிகிறதா என்றும் பாருங்கள்.

2. இப்போது டேட்டாபேஸ் என்ன நேரம் காட்டுகிறது என்று கேட்டு, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள்.

3. நேரம் வைக்கும் ஃபீல்டுகளைப் பட்டியல் போடுங்கள். எது முதல் வகை, எது இரண்டாவது வகை என்று பிரியுங்கள்.

4. அதே பேக்கப்பை வைத்து ஒரு சோதனை டேட்டாபேஸ் உருவாக்கி, அதில் மாற்றிப் பாருங்கள். நள்ளிரவு 12.10, விடிகாலை 5.20, 5.40, மாலை 5.15 ஆகிய நான்கு நேரங்களில் பதிவு போட்டால் போதும், தப்பு இருந்தால் தெரிந்துவிடும்.

5. உண்மையான டேட்டாபேஸில் மாற்றும்போது பதிவுகளை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். மாற்றிய நேரத்தை யு.டி.சி., இந்திய நேரம் இரண்டிலும் குறித்துவையுங்கள்.

6. இரண்டாவது வகை ஃபீல்டுகளில், குறித்த நேரத்துக்கு முந்தைய பதிவுகளை மட்டும், ஒரே ஒரு தடவை, 5.30 மணி நேரம் கூட்டித் திருத்துங்கள். கட்டளை தவறுதலாக இரண்டாவது முறை ஓடினால் மறுபடி 11 மணி நேரப் பிரச்னைதான்.

7. ஆப், ரிப்போர்ட், எஸ்எம்எஸ் மூன்றிலும் ஒரே பதிவு ஒரே நேரத்தைக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

மாற்றாமலே சரிசெய்ய முடியாதா?

முடியும். பல நேரம் அதுதான் பாதுகாப்பான வழியும்கூட. டேட்டாபேஸ் யு.டி.சி.யிலேயே இருக்கட்டும். திரையிலும் பில்லிலும் காட்டும்போது மட்டும் ஆசியா/கொல்கத்தா நேரத்துக்கு மாற்றுங்கள்.

ஆனால் 'இன்றைய கணக்கு' எடுக்கும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இந்திய நேரப்படி ஒரு நாள் என்பது, யு.டி.சி.யில் முந்தைய நாள் 18.30 முதல் அன்றைய 18.30 வரை. அந்த எல்லையை வைத்துக் கூட்டினால்தான் விடிகாலைப் பால் அன்றைய கணக்கில் வரும். திரையில் மட்டும் நேரத்தை மாற்றிவிட்டு, கூட்டுத்தொகையைப் பழைய எல்லையிலேயே விட்டால் பில் தப்பாகத்தான் வரும்.

பழைய சாஃப்ட்வேர், திருத்த ஆள் இல்லை, எல்லோரும் ஒரே ஊரில்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால், டேட்டாபேஸையே இந்திய நேரத்துக்கு மாற்றுவதில் தப்பு இல்லை. பாதி இங்கே, பாதி அங்கே என்று விட்டுவிடுவதுதான் தப்பு.

அரசு விதி என்ன சொல்கிறது?

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் உத்தரவு வெளியிட்டது. நிறுவனங்கள் தங்கள் கம்ப்யூட்டர் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

கடிகாரத்தை ஒத்திசைப்பது வேறு, நேர மண்டலம் வேறு. ஒத்திசைத்தால் விநாடி சரியாக இருக்கும். ஆனால் அது யு.டி.சி.யில் காட்டுவதா இந்திய நேரத்தில் காட்டுவதா என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

சட்டம், நிர்வாகம், வணிகம் ஆகியவற்றில் இந்திய நேரத்தையே பயன்படுத்த வேண்டும் என்று சொல்லும் வரைவு விதிகளையும் நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. உள்ளே எந்தக் கடிகாரம் ஓடினாலும், மக்கள் கைக்கு வரும் பில்லில் இந்திய நேரம்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது.

சாஃப்ட்வேர் தெரியாதவர் எப்படிக் கண்டுபிடிப்பது?

பால் ஊற்றியதும், பணம் கட்டியதும், பில் வாங்கியதும் அதில் இருக்கும் நேரத்தை ஒருமுறை பாருங்கள். வித்தியாசம் கிட்டத்தட்ட 5 மணி 30 நிமிடம் என்றால் நேர மண்டலப் பிரச்னை. அதுவே 5 மணி 30 நிமிடம் முன்னால் காட்டினால் யாரோ இரண்டு முறை கூட்டியிருக்கிறார்கள். 11 மணி நேரம் பின்னால் காட்டினால் கூட்டல் குறி எதிர்ப்பக்கம் போயிருக்கிறது. வித்தியாசம் மூன்று நான்கு நிமிடம்தான் என்றால் அது கடிகாரம் ஒத்திசைக்காத பிரச்னை, நேர மண்டலம் அல்ல.

தப்பு என்று தெரிந்தால், "நேரம் தப்பா வருது" என்று மட்டும் சொல்லாமல், "அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது" என்று சொல்லுங்கள். சாஃப்ட்வேர் பார்ப்பவருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். பிரச்னை சரியாகும்வரை, விடிகாலை 5.30 மணிக்கு முன் போட்ட ரசீதுகளை மட்டுமாவது பத்திரமாக வைத்திருங்கள். பழைய கணக்கைத் திருத்தும்போது, எந்த வேளை எந்த நாளுடையது என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் ஆதாரம்.